ஸ்டைல்ஷீட்டில் எழுதியது ஜாவாஸ்கிரிப்டுக்கு ஏன் காலியாகத் தெரிகிறது?

கேள்வி சுருக்கமாக இது: ஒரு மெனுவை மறைத்து வைக்க, பக்கத்தின் தோற்றத்தைச் சொல்லும் சிஎஸ்எஸ் கோப்பில் (ஸ்டைல்ஷீட்டில்) 'டிஸ்பிளே: நன்', அதாவது காட்டாதே, என்று எழுதியாயிற்று. பட்டனை அழுத்தினால் மெனு திறக்க வேண்டும், மறுபடி அழுத்தினால் மூட வேண்டும். அதற்கான ஜாவாஸ்கிரிப்ட், 'மெனு.ஸ்டைல்.டிஸ்பிளே' என்பதன் மதிப்பு 'நன்' ஆக இருந்தால் அதை 'பிளாக்' ஆக்குகிறது, இல்லாவிட்டால் 'நன்' ஆக்குகிறது. ஆனால் முதல் கிளிக்கில் எதுவும் நடக்கவில்லை, இரண்டாவது கிளிக்கில்தான் மெனு திறக்கிறது. அதே 'டிஸ்பிளே: நன்' வரியை ஹெச்டிஎம்எல் டேகுக்குள்ளேயே இன்லைனாக எழுதினால் முதல் கிளிக்கிலேயே திறந்துவிடுகிறது. ஏன் இந்த வித்தியாசம்?

பிரவுசரில் கோளாறு எதுவும் இல்லை. 'எலிமென்ட்.ஸ்டைல்' (எலிமென்ட் என்பது மெனு, பத்தி போன்ற பக்கத்தின் ஒரு பகுதி) என்ற பெயரைப் பார்த்தால், அந்த எலிமென்ட்டுக்கு இப்போது பொருந்தியிருக்கும் ஸ்டைல் எல்லாம் அதில் இருக்கும் என்றுதான் யாருக்கும் தோன்றும். உண்மையில் அதில் இருப்பது அந்த டேகின் ஸ்டைல் ஆட்ரிபியூட்டில், அதாவது டேகுக்குள் இன்லைனாக எழுதும் இடத்தில், உள்ளவை மட்டும். ஸ்டைல்ஷீட்டில் எழுதிய விதி, பிரவுசரின் சொந்த இயல்புநிலை விதி, பெற்றோர் எலிமென்ட்டிலிருந்து இறங்கி வந்த எழுத்துரு, நிறம் இவற்றில் எதுவும் அங்கே எட்டிப்பார்க்காது. கேட்ட ப்ராப்பர்ட்டி (டிஸ்பிளே, கலர் போன்ற பண்பு) ஆட்ரிபியூட்டில் இல்லாவிட்டால் எழுத்தே இல்லாத காலி ஸ்ட்ரிங் ஒன்று திரும்பி வரும். 'நல்' வராது, 'அன்டிஃபைன்ட்' வராது, எர்ரரும் வராது. அதனால்தான் பிரச்சினை இருக்கும் இடம் சட்டென்று கண்ணில் படுவதில்லை.

இப்போது அந்தக் கிளிக்குகளை ஒவ்வொன்றாகப் பார்ப்போம். பக்கம் திறந்ததும் மெனு மறைந்திருக்கிறது, ஸ்டைல்ஷீட் அதை மறைத்திருக்கிறது. டேகில் ஸ்டைல் ஆட்ரிபியூட்டே கிடையாது. முதல் கிளிக்: 'மெனு.ஸ்டைல்.டிஸ்பிளே' காலி ஸ்ட்ரிங். அது 'நன்' உடன் ஒத்துப்போகவில்லை, ஆகவே கோட் 'இல்லாவிட்டால்' கிளைக்குள் போய் 'நன்' என்று எழுதுகிறது. ஏற்கெனவே மறைந்திருந்த மெனுவை இன்னொரு முறை மறைத்திருக்கிறோம், அவ்வளவுதான். திரையில் மாற்றம் இல்லை. ஆனால் டெவலப்பர் டூல்ஸைத் திறந்து அந்த டேகைப் பார்த்தால் புதிதாக ஒரு ஸ்டைல் ஆட்ரிபியூட் முளைத்திருக்கும். இரண்டாவது கிளிக்: இப்போது ஆட்ரிபியூட்டில் 'நன்' இருக்கிறது, ஒப்பீடு சரியாகிறது, 'பிளாக்' எழுதப்படுகிறது, மெனு திறக்கிறது. அதற்குப் பிறகு கோட் தானே எழுதியதைத் தானே படித்துக்கொண்டிருப்பதால் எல்லாம் ஒழுங்காக ஓடுகிறது. ஆரம்பத்திலேயே இன்லைனாக எழுதி வைத்தால் முதல் கிளிக்கிலேயே வேலை செய்வதும் இதே காரணத்தால்தான்.

ஒரு எலிமென்ட்டின் தோற்றத்தை முடிவு செய்வது பல தரப்பு வாதம் நடக்கும் வழக்கு மாதிரி. 'ஸ்டைல்' அதில் ஒரு தரப்பின் மனு மட்டும். தீர்ப்பைப் படிக்க வேண்டுமென்றால் 'கெட்கம்ப்யூட்டட்ஸ்டைல்' என்ற ஃபங்ஷனிடம் போக வேண்டும். எலிமென்ட்டை அதனிடம் கொடுத்தால், எல்லா விதிகளும் மோதி முடிந்த பிறகு எது நின்றதோ அதைச் சொல்லும். இந்தக் கேள்வியில் உள்ள மெனுவைக் கொடுத்து டிஸ்பிளேயைக் கேட்டால், முதல் கிளிக்கிலேயே 'நன்' என்று சரியான பதில் வரும். இந்த ஃபங்ஷன் புதியதும் அல்ல. 2000 நவம்பரில், வெப் தரநிலைகளை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு வெளியிட்ட டாம் லெவல் 2 ஸ்டைல் பரிந்துரையிலேயே இருக்கிறது. இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் மட்டும் எட்டாம் பதிப்புவரை இதை ஆதரிக்காமல் 'கரன்ட்ஸ்டைல்' என்று தனியாக ஒன்றை வைத்திருந்தது. 2011-இல் வந்த ஒன்பதாம் பதிப்பில்தான் வழிக்கு வந்தது. ஜேக்வெரி என்ற ஜாவாஸ்கிரிப்ட் நூலகத்தின் 'சிஎஸ்எஸ்' மெத்தட் இந்த இரண்டையும் மூடி மறைத்துக் கணக்கிட்ட மதிப்பையே கொடுத்ததால், அதில் பழகியவர்கள் நேரடி ஜாவாஸ்கிரிப்டுக்கு வரும்போது 'ஸ்டைல்' காலியாக இருப்பதைப் பார்த்துக் குழம்புவது இன்றும் நடக்கிறது.

காலியாக வருவதையாவது கவனித்துவிடலாம். இதைவிட மோசமான நிலை ஒன்று உண்டு: 'ஸ்டைல்' ஒரு மதிப்பைச் சொல்லும், திரையில் வேறொன்று இருக்கும். ஸ்டைல்ஷீட்டில் ஒரு பத்திக்கு 'கலர்: ப்ளூ !இம்பார்ட்டன்ட்' என்று யாரோ எழுதியிருக்கிறார்கள் என்று வையுங்கள். ஜாவாஸ்கிரிப்டில் 'பத்தி.ஸ்டைல்.கலர்' என்பதற்கு 'ரெட்' என்று கொடுக்கிறீர்கள். உடனே கன்சோலில் கேட்டால் 'ரெட்' என்றே பதில் வரும். எழுத்து என்னவோ நீலமாகவே இருக்கும். இன்லைன் ஸ்டைல் சாதாரண விதிகள் எல்லாவற்றையும் வெல்லும், ஆனால் '!இம்பார்ட்டன்ட்' போட்ட ஸ்டைல்ஷீட் விதியிடம் தோற்கும். சரி, நாமும் 'ரெட் !இம்பார்ட்டன்ட்' என்றே கொடுத்துவிடலாமே என்று தோன்றும். கொடுத்துப் பாருங்கள், அந்த வரி ஓசையில்லாமல் புறக்கணிக்கப்படும். முக்கியத்துவத்தைத் தனியாகத்தான் கொடுக்க வேண்டும்: 'செட்ப்ராப்பர்ட்டி' மெத்தடில் பெயர், மதிப்பு, மூன்றாவதாக ஆச்சரியக்குறி இல்லாமல் 'இம்பார்ட்டன்ட்'.

இந்த ஓசையில்லாத புறக்கணிப்பு சிஎஸ்எஸ்ஸின் பிறவிக் குணம். புரியாத மதிப்பைத் தாண்டிப் போய்விட வேண்டும் என்பது அதன் அடிப்படை விதி, பழைய பிரவுசரில் புதிய சிஎஸ்எஸ் உடையாமல் இருப்பது அதனால்தான். ஸ்டைல்ஷீட்டுக்கு அது அருமையான ஏற்பாடு. அதையே ஜாவாஸ்கிரிப்டின் 'ஸ்டைல்' ஆப்ஜெக்ட்டுக்கும் கொண்டுவந்ததுதான் எனக்கு இன்னும் உறுத்துகிறது. 'விட்த்' என்பதற்கு அலகு இல்லாமல் வெறும் 100 என்று கொடுத்தால் ஸ்டான்டர்ட்ஸ் மோடில் (தரநிலைப்படி பக்கத்தைக் காட்டும் வழக்கமான நிலையில்) எதுவும் நடக்காது, ஒரு எச்சரிக்கைகூட வராது. பழைய மதிப்பு அப்படியே இருக்கும்.

காலி ஸ்ட்ரிங்கும் ஓசையில்லாத புறக்கணிப்பும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு நல்ல உதாரணம், நகராத பெட்டி. ஸ்டைல்ஷீட்டில் ஒரு பெட்டிக்கு 'லெஃப்ட்: 40 பிக்சல்' என்று இருக்கிறது. அதைப் பத்து பிக்சல் நகர்த்த, 'பெட்டி.ஸ்டைல்.லெஃப்ட்' மதிப்பை 'பார்ஸ்இன்ட்' மூலம் எண்ணாக்கி, பத்தைக் கூட்டி, பிக்சல் என்ற அலகை ஒட்டித் திரும்ப எழுதுகிறோம். ஸ்டைல் காலி ஸ்ட்ரிங் தருகிறது. காலி ஸ்ட்ரிங்கை எண்ணாக்கினால் வருவது 'நான்', அதாவது எண் அல்லாத அந்த விசேஷ மதிப்பு. அதனுடன் பத்தைக் கூட்டினாலும் அது அதுவேதான். அலகை ஒட்டியதும் பிரவுசருக்குப் புரியாத ஒரு மதிப்பாகிறது, தூக்கிப் போட்டுவிடுகிறது. பெட்டி இருந்த இடத்தில் இருக்கிறது, கன்சோல் சுத்தமாக இருக்கிறது. முதல் முறை படிப்பதை மட்டும் கணக்கிட்ட ஸ்டைலிலிருந்து எடுத்திருந்தால் '40 பிக்சல்' என்று வந்திருக்கும், அங்கிருந்து 50, 60 என்று நகர்ந்திருக்கும்.

அப்படியானால் எங்கும் 'ஸ்டைல்' இருக்கும் இடத்தில் 'கெட்கம்ப்யூட்டட்ஸ்டைல்' போட்டுவிட்டால் போதுமா? படிப்பதற்கு, பெரும்பாலும் ஆம். ஆனால் அது திருப்பித் தருவது நீங்கள் எழுதிய வடிவத்தில் இருக்காது, அங்கேதான் அடுத்த பள்ளம். நிறத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்டைல்ஷீட்டில் 'ரெட்' என்று எழுதியிருந்தாலும், பதினாறடிமான (ஹெக்ஸ்) எண்ணாக எழுதியிருந்தாலும், கணக்கிட்ட மதிப்பு 'ஆர்ஜிபி' என்று தொடங்கி அடைப்புக்குறிக்குள் 255, 0, 0 என்று வரும். 'ரெட்' உடன் ஒப்பிடும் கோட் ஒருநாளும் உண்மையாகாது. இன்லைன் பக்கமும் முழுக்க நம்பும்படி இல்லை: 'ரெட்' என்று கொடுத்தால் 'ரெட்' என்றே திரும்பும், பதினாறடிமான எண்ணாகக் கொடுத்தால் ஆர்ஜிபியாக மாறித் திரும்பும். எழுத்தின் தடிமனுக்கு 'போல்ட்' என்று எழுதினால் கணக்கிட்ட மதிப்பு 700. வரி உயரத்துக்கு 1.5 என்று எழுதி எழுத்தளவு 16 பிக்சலாக இருந்தால் '24 பிக்சல்'. 'டிரான்ஸ்ஃபார்ம்' என்பதில் 45 டிகிரி சுழற்று என்று எழுதினால், ஆறு எண்கள் கொண்ட ஒரு மேட்ரிக்ஸ் வந்து நிற்கும்.

அகலம், உயரம் இரண்டும் இன்னும் விநோதம். ஸ்டைல்ஷீட்டில் 50 சதவீதம் என்று எழுதியிருந்து, பெற்றோர் பெட்டி 800 பிக்சல் அகலம் என்றால், கணக்கிட்ட ஸ்டைல் '400 பிக்சல்' என்று சொல்லும். அதே எலிமென்ட் 'டிஸ்பிளே: நன்' ஆக இருந்தால் '50 சதவீதம்' என்று சொல்லும். காரணம் இருக்கிறது: மறைந்த எலிமென்ட்டுக்கு லேஅவுட்டில் (பக்கத்தில் எது எங்கே, எவ்வளவு என்ற கணக்கில்) பெட்டியே கிடையாது, பெட்டி இல்லாததற்குப் பிக்சல் கணக்கு எங்கிருந்து வரும்? சாதாரண ஸ்பான் டேக் மாதிரி வரிக்குள் ஓடும் எலிமென்ட்டைக் கேட்டால் 'ஆட்டோ' என்றே வரும், ஏனென்றால் அகலம் என்ற ப்ராப்பர்ட்டி அதற்குப் பொருந்துவதே இல்லை. சிஎஸ்எஸ் விவரக்குறிப்பில் 'கம்ப்யூட்டட் வேல்யூ' என்று கறாராக வரையறுக்கப்பட்ட ஒன்று உண்டு. இந்த ஃபங்ஷன் தருவது எல்லா நேரமும் அது இல்லை. சில ப்ராப்பர்ட்டிகளுக்கு லேஅவுட் முடிந்த பிறகு வரும் 'யூஸ்டு வேல்யூ'வைத் தருகிறது. இரண்டையும் சேர்த்து விவரக்குறிப்பு 'ரிசால்வ்டு வேல்யூ' என்கிறது. பெயரில் ஒன்று, தருவதில் வேறொன்று, பழைய பக்கங்கள் உடையக்கூடாது என்பதற்காக அப்படியே விட்டுவிட்டார்கள்.

இதனால், திரையில் ஒரு பெட்டி எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று தெரிய வேண்டுமானால் ஸ்டைலைக் கேட்பதைவிட 'ஆஃப்செட்விட்த்' அல்லது 'கெட்பவுண்டிங்கிளையன்ட்ரெக்ட்' இரண்டில் ஒன்றைக் கேட்பதே நல்லது. கணக்கிட்ட அகலத்தில் பேடிங்கும் (உள் இடைவெளி) பார்டரும் (ஓரக் கோடு) சேர்ந்திருக்கிறதா என்பது 'பாக்ஸ்-சைஸிங்' எப்படி இருக்கிறது என்பதைப் பொறுத்தது, அந்தத் தலைவலி இவற்றில் இல்லை. எண்ணாகவே வரும், அலகை வெட்டி எடுக்கும் வேலையும் மிச்சம். 'டிரான்ஸ்ஃபார்ம்' மூலம் இரண்டு மடங்காகப் பெரிதாக்கிய பெட்டிக்குக் கணக்கிட்ட அகலமும் ஆஃப்செட்விட்த்தும் பழைய அளவையே சொல்லும், கண்ணுக்குத் தெரியும் அளவைச் சொல்வது பவுண்டிங் ரெக்ட் மட்டும்.

கணக்கிட்ட ஸ்டைல் ஆப்ஜெக்ட்டில் எழுத முடியாது, எழுத முயன்றால் எர்ரர் வரும். (இங்கே மட்டும் சத்தம் போடுகிறது!) இன்னொன்று, அது உயிரோட்டமான ஆப்ஜெக்ட். 'முன்பு' என்ற வேரியபிளில் அதை வாங்கி வைத்துவிட்டு, எலிமென்ட்டை மாற்றிய பிறகு 'முன்பு.விட்த்' என்று படித்தால் புதிய அகலம்தான் வரும். பழையது வேண்டுமென்றால் மாற்றுவதற்கு முன்பே மதிப்பை ஸ்ட்ரிங்காக எடுத்து வைக்க வேண்டும். டிரான்சிஷன் (மதிப்பு படிப்படியாக மாறும் அசைவு) ஓடிக்கொண்டிருக்கும்போது ஒபாசிட்டியைக் கேட்டால் 0-வுக்கும் 1-க்கும் இடையில் அந்தக் கணத்தில் எங்கே இருக்கிறதோ அது வரும். அப்போது 'ஸ்டைல்' ஆப்ஜெக்ட்டைக் கேட்டால் போய்ச் சேர வேண்டிய இடத்தைச் சொல்லும். பாதியில் ஒரு அனிமேஷனை நிறுத்தி அங்கேயே உறைய வைக்க வேண்டுமென்றால் இந்த வித்தியாசம்தான் கைகொடுக்கும்: கணக்கிட்டதைப் படி, இன்லைனில் எழுது, டிரான்சிஷனை எடுத்துவிடு.

'டிஸ்பிளே' பற்றிக் கேள்வி வந்ததால் ஒரு எச்சரிக்கை. கணக்கிட்ட டிஸ்பிளே 'பிளாக்' என்று வந்தால் எலிமென்ட் திரையில் தெரிகிறது என்று அர்த்தமில்லை. டிஸ்பிளே பெற்றோரிடமிருந்து இறங்கி வருகிற ப்ராப்பர்ட்டி கிடையாது. வெளியே உள்ள பெட்டி மறைந்திருந்தாலும் உள்ளே உள்ள பத்தி 'பிளாக்' என்றே சொல்லும். தெரிகிறதா இல்லையா என்பதற்கு 'கெட்கிளையன்ட்ரெக்ட்ஸ்' தரும் பட்டியலின் நீளம் பூஜ்யமா என்று பார்ப்பது பழைய, நம்பகமான வழி. புதிய பிரவுசர்களில் 'செக்விசிபிலிட்டி' என்றே ஒரு மெத்தட் இருக்கிறது. இதே வரிசையில் இன்னொன்று: உருவாக்கிவிட்டுப் பக்கத்தில் இன்னும் சேர்க்காத எலிமென்ட்டைக் கொடுத்தால் 'கெட்கம்ப்யூட்டட்ஸ்டைல்'கூடக் காலி ஸ்ட்ரிங்கைத்தான் தரும்.

டேகில் எழுதவே முடியாத சிலவற்றுக்கும் இந்த ஃபங்ஷன்தான் ஒரே வாசல். சிஎஸ்எஸ் மட்டுமே உருவாக்கும் 'பிஃபோர்', 'ஆஃப்டர்' போன்ற போலி எலிமென்ட்டுகளுக்கு டேகே கிடையாது, ஆகவே இன்லைன் ஸ்டைலும் கிடையாது. 'கெட்கம்ப்யூட்டட்ஸ்டைல்'க்கு இரண்டாவதாக இரட்டை முக்காற்புள்ளியுடன் அந்தப் பெயரைக் கொடுத்தால் அதன் மதிப்புகள் கிடைக்கும். இரண்டு கோடுகளுடன் தொடங்கும், நாமே பெயர் வைக்கும் கஸ்டம் ப்ராப்பர்ட்டிகளைப் புள்ளி வைத்துப் படிக்க முடியாது, 'கெட்ப்ராப்பர்ட்டிவேல்யூ' மெத்தட் வேண்டும். ரூட்டில் வரையறுத்த தீம் நிறத்தை ஜாவாஸ்கிரிப்டில் எடுப்பதற்கு இதுதான் வழி. இங்கே நிறம் ஆர்ஜிபியாக மாறாது, எழுதியபடியே வரும்.

தெரிந்தே பொய் சொல்லும் இடமும் ஒன்று இருக்கிறது. பார்த்த லிங்க்குகளுக்கு 'விசிட்டட்' மூலம் ஊதா நிறம் கொடுத்திருந்தாலும், கணக்கிட்ட நிறத்தைக் கேட்டால் பார்க்காத லிங்க்கின் நிறத்தையே பிரவுசர் சொல்லும். முன்பெல்லாம் உண்மையைச் சொல்லிக்கொண்டிருந்தது. அதை வைத்து, ஒரு பக்கம் ஆயிரக்கணக்கான முகவரிகளை லிங்க்காகப் போட்டு, நிறத்தைப் படித்து, வந்தவர் எந்தெந்தத் தளங்களுக்குப் போயிருக்கிறார் என்று கண்டுபிடித்துவிட முடிந்தது. மொசில்லாவின் டேவிட் பேரன் 2010-இல் இதற்கு ஒரு தீர்வை முன்வைத்தார். 2011-இல் வந்த ஃபயர்ஃபாக்ஸ் 4 அதை அமல்படுத்தியது, மற்ற பிரவுசர்களும் அதே வழிக்கு வந்தன.

வேகம் பற்றிக் கொஞ்சம். 'ஸ்டைல்' படிப்பது மலிவு, ஆட்ரிபியூட்டில் உள்ளதை எடுத்துத் தருவதோடு சரி. கணக்கிட்ட அகலம் மாதிரி லேஅவுட்டைச் சார்ந்த ஒன்றைக் கேட்டால், நிலுவையில் இருக்கும் மாற்றங்களை எல்லாம் பிரவுசர் அப்போதே கணக்கிட்டு முடித்தாக வேண்டும். ஒரு லூப்பில் ஒவ்வொரு எலிமென்ட்டுக்கும் படித்து, எழுதி, படித்து, எழுதி என்று போனால் ஒவ்வொரு சுற்றிலும் முழு லேஅவுட் நடக்கும். நூற்றுக்கணக்கான வரிசைகள் உள்ள அட்டவணையில் இது கண்ணுக்கே தெரியும்படி திக்கும். முதலில் எல்லாவற்றையும் படித்து ஒரு அரேயில் வைத்துக்கொண்டு, அப்புறம் எல்லாவற்றையும் எழுதினால் ஒரே லேஅவுட்டில் முடிந்துவிடும்.

சரி, அந்த மெனுவுக்கு என்ன செய்யலாம்? ஒப்பீட்டைக் கணக்கிட்ட ஸ்டைலுக்கு மாற்றினால் முதல் கிளிக் வேலை செய்யும். ஆனால் நான் அப்படி எழுத மாட்டேன். மெனு திறந்திருக்கிறதா என்பது உங்கள் நிரலின் நிலை, அதை சிஎஸ்எஸ்ஸிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய அவசியம் ஏன் வந்தது? ஸ்டைல்ஷீட்டில் மெனுவுக்கு 'டிஸ்பிளே: நன்', 'திறந்த' என்ற கிளாஸும் (டேகுக்கு வைக்கும் அடையாளப் பெயர்) சேர்ந்திருந்தால் 'டிஸ்பிளே: ஃப்ளெக்ஸ்' (உள்ளவற்றை வரிசையாக அடுக்கும் முறை) என்று இரண்டு விதிகள் எழுதிவிட்டு, ஜாவாஸ்கிரிப்டில், அந்தக் கிளாஸ் இல்லாவிட்டால் சேர்த்து, இருந்தால் எடுத்துவிடும் 'கிளாஸ்லிஸ்ட்.டாகிள்' என்ற ஒரே வரி போதும். அது திருப்பித் தரும் ட்ரூ அல்லது ஃபால்ஸ் மதிப்பை பட்டனின் 'ஏரியா-எக்ஸ்பாண்டட்' ஆட்ரிபியூட்டில் போட்டால் திரையில் உள்ளதைப் படித்துச் சொல்லும் ஸ்கிரீன் ரீடர் பயன்படுத்துவோருக்கும் நிலை தெரியும். 'பிளாக்' என்று ஜாவாஸ்கிரிப்டிலிருந்து எழுதுவதில் இன்னொரு சிக்கலும் இருந்தது. மெனு உண்மையில் ஃப்ளெக்ஸாக இருக்க வேண்டியது என்றால், உள்ளே இருப்பவை எல்லாம் வரிசை குலைந்து ஒன்றன்கீழ் ஒன்றாக நின்றிருக்கும். ஏற்கெனவே எழுதிய இன்லைன் மதிப்பை நீக்க வேண்டுமென்றால் அதற்குக் காலி ஸ்ட்ரிங்கைக் கொடுங்கள், ஸ்டைல்ஷீட் சொன்னது மறுபடி மேலே வரும். 'ஸ்டைல்' ஆப்ஜெக்ட்டுக்கே நேராக ஒரு ஸ்ட்ரிங்கைக் கொடுத்துவிடாதீர்கள், அது டேகில் ஏற்கெனவே இருந்த மற்ற இன்லைன் மதிப்புகள் எல்லாவற்றையும் அழித்துவிட்டு எழுதும்.

எந்த எலிமென்ட்டையும் தொடாமல் ஸ்டைல்ஷீட்டில் எழுதிய விதியையே அப்படியே படிக்க வேண்டும் என்றால் 'டாக்குமென்ட்.ஸ்டைல்ஷீட்ஸ்' வழியாகப் போகலாம். ஒவ்வொரு ஷீட்டிலும் 'சிஎஸ்எஸ்ரூல்ஸ்' பட்டியல், ஒவ்வொரு விதியிலும் எலிமென்ட்டில் இருப்பது போன்ற அதே வகை 'ஸ்டைல்' ஆப்ஜெக்ட். அங்கே 50 சதவீதம் 50 சதவீதமாகவே இருக்கும். அதை மாற்றினால் அந்த விதி பொருந்தும் எல்லா எலிமென்ட்டுகளும் ஒரே நேரத்தில் மாறும். வேறு டொமைனிலிருந்து ஏற்றிய ஷீட்டின் விதிகளைக் கேட்டால் மட்டும் செக்யூரிட்டி எர்ரர் வரும். லிங்க் டேகில் 'கிராஸ்ஆரிஜின்' ஆட்ரிபியூட்டும், அந்த சர்வரிலிருந்து அனுமதி தரும் சிஓஆர்எஸ் ஹெட்டரும் இருந்தால்தான் திறக்கும். ஹெச்டிஎம்எல் கோப்பை சர்வர் இல்லாமல் கணினியிலிருந்து நேரடியாகக் குரோமில் திறந்து சோதித்தாலும் இதே எர்ரர் வரும், அப்போது கோட்டைத் திருத்த வேண்டாம், ஒரு லோக்கல் சர்வரில் ஓட்டிப் பாருங்கள்.